சப்த சாஸ்திரமும் நம் செவியும்
(தருமபுரியில் கல்லூரி மாணவரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் தினமாக நாம் கொண்டாடுவதும், 1928ஆம் ஆண்டு அந்நாளில் சர் சி. வி. இராமன் வெளிப்படுத்திய ஒளிச்சிதறல் உண்மையை மேடைதோறும் நினைவுகூர்வதும் முறையே. ஆனால், திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் நிதி இலாகா உத்தியோகத்தை ஏற்றுக் கல்கத்தா சென்ற அந்த இளைஞர், அலுவலகத்துக்குப் போகுமுன் காலையிலும், திரும்பிய பின் இரவிலும் பௌபஜார் வீதியில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, பல ஆண்டுகள் பெரிதும் ஆராய்ந்து வந்தது ஒலியையே என்பதையும், வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவையே அவருடைய ஆராய்ச்சிப் பொருள்களாக இருந்தன என்பதையும் இந்த நாளில் எடுத்துச் சொல்வோர் சிலரே. ஆகையால், ஒளியின் பெருமையைப் பிறர் பேச விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் சப்த சாஸ்திரமாகிய ஒலியியலின் அடிப்படைகளைப் பயில்வது என்றால் என்ன, அதை இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு எவ்வாறு பயில வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் நான் பேசத் துணிகிறேன்.

தமிழ்நாட்டில் இளநிலைப் பௌதிகம் பயில வருவோர்க்கு, பருப்பொருளின் பண்புகளோடு சேர்த்து ஒலியியலும் தொடக்கத்திலேயே பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு முதலில் வைக்கப்பட்டதனாலேயே அது எளிய பாடம், கடந்து போக வேண்டிய பாடம் என்ற ஓர் அலட்சியம் மாணவரிடையே பரவியிருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். சமன்பாட்டை மனனம் செய்வதும், பத்து மதிப்பெண் வினாவுக்கு வருவிப்பை எழுதுவதும், செய்முறைத் தேர்வில் இசைக்கவையைத் தட்டி ஓர் எண்ணைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பம் வாங்குவதும் முடிந்தால் ஒலி முடிந்துவிட்டது என்று கருதுகிறோம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர் மாறானது. பௌதிக சாஸ்திரத்தின் கிளைகளுள், விலையுயர்ந்த கருவி இல்லாதவனும் தன் சொந்தச் செவியாலும் பொறுமையாலும் மெய்யான ஆராய்ச்சி செய்யக்கூடிய கிளை இது; கேட்பதை அளவாக மாற்றும் பழக்கம் வந்த கணத்திலேயே மாணவன் ஆராய்ச்சியாளன் ஆகிவிடுகிறான்.

இதற்கு முதல் சாட்சியாக ஒலியின் வேகத்தை எடுத்துக்கொள்வோம். 1687இல் வெளியான தமது பிரின்ஸிபியா நூலில் நியூட்டன், காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் மட்டும் கொண்டு ஒலியின் வேகத்தைக் கணித்தார். அந்த வழியில் பூஜ்ய டிகிரி வெப்பநிலைக்கு நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் கிடைக்கும். அளந்து பார்த்தாலோ 331 மீட்டர் வருகிறது. காற்றுத் துகள்களின் பருமன், காற்றில் கலந்த நீராவி என்று அவர் பின்னர்ச் சில சமாதானங்கள் கூறினாலும், நூற்றாண்டுக்கு மேலாக அந்த இடைவெளி அப்படியே நின்றது. ஒலி அலை செல்லும்போது காற்று நெருங்குவதும் விலகுவதும் மிக விரைவாக நடப்பதால், நெருங்கிய இடத்தில் உண்டாகும் வெப்பம் வெளியேற அவகாசம் இல்லை என்பதை லாப்லாஸ் 1816இல் எடுத்துக்காட்டி, 1.4 என்னும் ஒரு காரணியைச் சேர்த்தபோதுதான் கணக்கும் அளவும் கைகோத்தன. வருவிப்பை மனனம் செய்யும் மாணவன் அந்த 1.4ஐ ஓர் எழுத்தாக மட்டும் காண்கிறான். அதற்குள் ஒரு நூற்றாண்டின் தவிப்பு அடங்கியிருக்கிறது.

அந்த அளவுகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாராய்ச்சி நிலையத்தின் வானியலாளரான ஜான் கோல்டிங்ஹாம், 1820, 1821ஆம் ஆண்டுகளில், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடப்பட்டு வந்த பீரங்கிகளையே தம் கருவியாக்கிக்கொண்டார். கோட்டை அவர் இருந்த இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். வெடித்தீயின் ஒளியைக் கண்டதும் கடிகாரத்தைக் கவனித்து, ஓசை வந்து சேரும் வரை எண்ணினால், மலையின் பீரங்கி சுமார் 26 நொடி கழித்துத்தான் செவியை எட்டும். நாள்தோறும் அவர் அந்தக் காலத்தைக் குறித்ததோடு, வெப்பமானி, அழுத்தமானி, ஈரமானி ஆகியவற்றின் அளவுகளையும் காற்றின் நிலையையும் உடன் குறித்துவந்தார். மாதவாரியாகச் சராசரி கண்டபோது, டிசம்பரில் நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடியாக இருந்த வேகம் ஜூலையில் ஏறத்தாழ 1,160 அடியாக உயர்ந்திருந்தது. வேறு காரியத்துக்காகச் சுடப்பட்ட வெடி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, விடாத நியமம் ஆகிய இவ்வளவே மூலதனம். லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அந்தக் கட்டுரை 1823இல் அச்சேறியது.

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நீர் நிறைந்த ஒத்ததிர்வுக் குழாயின் வாயருகே 512 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டிப் பிடித்து, நீர்மட்டத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வருகையில், காற்றுத் தம்பத்தின் நீளம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டரை அடையும்போது, அதுவரை முனகிக்கொண்டிருந்த இசைக்கவையின் ஓசை திடீரென்று பொங்கி எழும். மேலும் இறக்கினால் அடங்கி, 50 சென்டிமீட்டர் அருகே மறுபடி எழும். அறையின் வெப்பநிலை 28 டிகிரியாக இருந்து, முதல் நீளம் 16.1 என்றும் இரண்டாவது 50.0 என்றும் வந்தால், இரண்டின் வித்தியாசமாகிய 33.9 சென்டிமீட்டர் அரை அலைநீளம். அதை இரட்டித்து 512ஆல் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். இரண்டு நீளங்களின் வித்தியாசத்தை எடுப்பதன் காரணத்தையும் இங்கே சிந்திக்க வேண்டும்: காற்றின் அதிர்வு குழாயின் விளிம்போடு நின்றுவிடாமல் வாய்க்கு வெளியேயும் சிறிது நீள்கிறது, குழாயின் விட்டத்தில் பத்தில் மூன்று பங்கு அளவான அந்த மிகையை, கழித்தல் தானாகவே நீக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் ஒரு மாணவர் கேட்கத்தக்க நல்ல கேள்வி ஒன்று உண்டு. கடற்கரையில் உள்ள சென்னையைவிட நம் தருமபுரி ஏறத்தாழ 450 மீட்டருக்கு மேல் உயர்ந்த பூமியாயிற்றே, இங்கே காற்றழுத்தம் குறைவாயிற்றே, ஒலியின் வேகமும் குறைய வேண்டாமா? வேண்டாம். அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் இரண்டின் ஈவு மாறுவதில்லை. வேகத்தை மாற்றுவது வெப்பநிலையே, டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வீதம். சூத்திரத்தை ஒப்புவிப்பவன் இக்கேள்வியைக் கேட்க மாட்டான். தான் நிற்கும் நிலத்தை மறவாமல் படிப்பவனே கேட்பான்.

வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது, இம்மாவட்டத்துக் கிராமத்தவர் யாவரும் அறிந்த ஓர் அனுபவத்துக்கு விளக்கம் சொல்லிவிடலாம். கோடைத் திருவிழாக் காலத்தில், திரௌபதி அம்மன் கோயில் முன்பு விடிய விடிய பாரதக் கூத்து நடக்கையில், பகலில் பக்கத்து ஊருக்குக் கேளாத பம்பையும் முகவீணையும் நள்ளிரவுக்கு மேல் தொலைவான ஊருக்கும் தெளிவாகக் கேட்கின்றன. ஊர் அடங்கிவிட்டதால் கேட்கிறது என்பது உண்மையில் பாதிதான். பகலில் தரையை ஒட்டிய காற்று வெப்பம் மிகுந்தும் மேலே குறைந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து ஆகாயத்தில் போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர, மேற்காற்று சற்று வெப்பமாக நிற்கையில், வேகம் கூடிய மேற்பகுதியிலிருந்து ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரத்து ஊர்களில் வந்து இறங்குகிறது. பாடப்புத்தகத்தில் ஒலிவிலகல் என்று தலைப்பிட்ட பக்கம் இதுதான்.

கூத்து மேடையில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மிருதங்கத்தை இப்போது அருகில் சென்று பார்ப்போம். வட்டமாக இழுத்துக் கட்டிய ஒரே சீரான தோலைத் தட்டினால், அதில் எழும் மேல் அதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணுக்கு 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றுக்கொன்று இணங்காத பின்னங்களாக அமைகின்றன. அதனால்தான் உலகத்துப் பல முரசுகளில் ஓசை இருக்கும், சுருதி இராது. நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வலந்தலையின் நடுவே, இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய படலம் படலமாகத் தேய்த்துத் தேய்த்து உலர்த்தி, கரணை என்னும் கரும்பொட்டை ஏற்றினார்கள். ஓரத்தில் இன்னொரு தோல் வளையத்தையும் சேர்த்தார்கள். நடுவில் கனம் ஏறியதும் அந்தப் பின்னங்கள் இடம் பெயர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் முழு எண்களாக வந்து நிற்கின்றன. இதை இராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் அறிவித்தார். பின்னர்ப் பெங்களூரில் இருந்தபோது விரிவாக ஆராய்ந்து, ஒன்பது இயல்பு அதிர்வு முறைகள் குழுக்குழுவாகச் சேர்ந்து ஐந்து இசைமுறைச் சுரங்களை உண்டாக்குகின்றன என்று நிறுவினார். அதற்கு அவர் பயன்படுத்தியது பொடி மணல். தோலின்மேல் மணலைத் தூவித் தட்டினால், அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அதிராத கணுக்கோடுகளில் ஒதுங்கி, கண்ணுக்கு முன் படமாக நிற்கும். மிருதங்க வித்துவான் மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் மெல்லப் பொருத்திக்கொண்டு, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்டி நம் என்னும் சொல்லை எழுப்பும்போது, அந்த விரல் பட்ட இடத்தைக் கணுவாக்கி, அடிப்படை அதிர்வை அடக்கி, மேற்சுரத்தைத் தலைதூக்கச் செய்கிறார். குருவிடம் பல ஆண்டு கைப்பழக்கமாகக் கற்றதை, மணல் ஒரு நிமிடத்தில் காரணத்தோடு காட்டிவிடுகிறது. காரணம் தெரிந்ததனால் வித்துவானின் கைக்கு மகிமை குறைந்துவிடவில்லை. அவருடைய செவி எவ்வளவு நுட்பமான கருவி என்பது புலப்பட்டதனால் மகிமை கூடியது.

தோலுக்கு அடுத்து இந்தப் பூமியின் செல்வமாகிய கல்லைச் சொல்ல வேண்டும். கருங்கல் உடைக்கும் தொழிலாளி, உளியால் தட்டிய மாத்திரத்தில், இது நல்ல கல், இது உள்ளே விரிசல் கண்ட கல் என்று சொல்லிவிடுகிறான். ஸ்தபதியும் தட்டி நாதம் கேட்ட பிறகே விக்கிரகத்துக்குக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறார். விரிசல் இல்லாத கருங்கல்லில் ஒலி நொடிக்கு ஐயாயிரம் மீட்டர் அளவில், காற்றில் போவதைப்போலப் பதினைந்து மடங்குக்கு அருகான வேகத்தில் ஓடி, நெடுநேரம் அதிர்கிறது. விரிசல் இருந்தால் அதன் இரு முகங்களும் உரசி அதிர்வை விழுங்கிவிட, மணியோசைக்குப் பதிலாக மொத்தென்ற ஓசை எழுகிறது. மதுரையிலும் நெல்லையிலும் சுசீந்திரத்திலும் உள்ள இசைத்தூண்களை நாம் தெய்விக அதிசயமாகக் கண்டு வியந்து திரும்புகிறோம். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினரோ, ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களை ஆராய்ந்து, அவற்றின் நாதம் தூண் வளைந்து நெளிந்து அதிரும் முறையிலிருந்து பிறப்பதை 2008இல் வெளியிட்ட கட்டுரையில் அளவுகளோடு காட்டினார்கள். அத்தகைய அதிர்வில், தூணின் பருமன் கூடினால் சுருதி ஏறும், நீளம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாக இறங்கும் என்னும் நியதி, உங்கள் முதலாண்டுப் பாடத்தில் உள்ள வளைவுச் சட்டத்தின் கணிதத்திலிருந்தே வருவது. பருப்பொருளின் பண்புகளையும் ஒலியையும் ஒரே பாடமாக ஏன் வைத்தார்கள் என்பதற்கு அந்தத் தூண்களே விடை.

ஒகேனக்கல் அருவியைச் சொல்லாமல் தருமபுரியில் ஒலியைப் பேசி முடிக்க இயலாது. நீர் பாறையில் மோதுவதால் சத்தம் உண்டாகிறது என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். உண்மையில் அந்த முழக்கத்தில் பெரும்பங்கு, விழும் நீர் உள்ளே இழுத்துச் செல்லும் காற்றுக் குமிழிகளுடையது. நீருக்குள் அகப்பட்ட குமிழி சுருங்குவதும் விரிவதுமாக அதிர்ந்து தனக்கென ஒரு சுரத்தை எழுப்புகிறது என்பதை மின்னார்ட் என்னும் விஞ்ஞானி 1933இல் கணித்துக் காட்டினார்: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறத்தாழ 3,300 முறையும், ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது ஏறத்தாழ 330 முறையும் அதிரும். எண்ணற்ற அளவுகளில் எண்ணற்ற குமிழிகள் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், எந்தத் தனிச் சுரமும் தெரியாமல் ஒரு பேரிரைச்சலாக நமக்குக் கேட்கிறது. பரிசலில் அருவியின் பக்கம் போகும்போது அந்த இரைச்சலுள் கனத்த ஓசையையும் சீறும் ஓசையையும் பிரித்துக் கேட்க முயன்று பாருங்கள். அலைக்கூறு என்று நீங்கள் படிப்பதன் பொருள் விளங்கும்.

இறுதியாக, நாம் அமர்ந்திருக்கும் மண்டபத்துக்கே வருகிறேன். 1895இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்ற முறையீடு எழ, அதைத் தீர்க்கும் பணி வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே பேசிய ஓசை அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆயிற்று. பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஓசை தேயும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்து, அவர் கண்ட சூத்திரமே இன்று கட்டட ஒலியியலின் அஸ்திவாரம். மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அதன் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்; ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்கும் காலம் அது.

நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு இதைப் பொருத்துவோம். நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5 என்றால் கன அளவு 1,200. தரை, கூரை, சுவர்கள் எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர் பரப்பு. சிமெண்டுப் பூச்சும் பளபளப்பான தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும் என்று கொண்டால், மொத்த உறிஞ்சல் 24. எதிர்முழக்க நேரம் எட்டு நொடி. நூற்றைம்பது பேர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.4 வீதம் 60 சேர்ந்து, நேரம் 2.3 நொடியாகக் குறையும். முப்பது சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்தால், திறந்த ஜன்னல் விழுந்த ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுவதால், 1.7 நொடிக்கு வரும். பேச்சு தெளிவாக விளங்க ஒரு நொடி அளவே உத்தமம். ஆகவே, சொல் புரியவில்லை என்று சபையினர் முணுமுணுக்கும்போது ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டுவது, கலங்கிய நீரில் மேலும் நீரைக் கொட்டுவதைப் போன்றது. பேச்சும் எதிர்முழக்கமும் ஒருசேர உயருமே ஒழியத் தெளிவு பிறக்காது. பஞ்சும் துணியும் மரச்சட்டமும் கொண்ட உறிஞ்சும் பரப்பைச் சுவரில் சேர்ப்பதே பரிகாரம். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டும் மண்டபங்களில் இந்த ஐந்து வரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார் இல்லாமையால், விழாதோறும் சபையோர் பேச்சைக் கேட்காமல் இரைச்சலைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மாணவ நண்பர்களே, 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனியான இம்மாவட்டத்தில், பட்ட வகுப்புக்கு வெளியூர் போயாக வேண்டும் என்றிருந்த காலம் மாறி, அரசுக் கல்லூரிகள் பெருகி, சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையமும் பைசுஅள்ளியில் வந்திருக்கிறது. கல்வி வாசலுக்கு வந்துவிட்டது. கருவி போதவில்லை என்னும் குறை மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மின்துகள் முடுக்கி இல்லாமல் அணுவின் உட்கருவை ஆராய முடியாது என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒலியை ஆராய முடியாது என்று இராமனின் நாட்டில் சொல்வது நியாயமன்று. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி, கோல்டிங்ஹாமுக்கும் சபைனுக்கும் கிடைக்காத கால நுட்பத்தோடு ஓசையைப் பதிவு செய்கிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூட வகுப்பறையையோ சமுதாயக் கூடத்தையோ தேர்ந்தெடுத்து, நீள அகல உயரங்களை அளந்து, ஆள் இல்லாதபோது ஒரு பலூனை உடைத்து அதன் ஓசை தேய்வதைப் பதிவு செய்து, சபைனின் சூத்திரத்தோடு ஒப்பிட்டு, வந்த எண்ணையும் செய்ய வேண்டிய திருத்தத்தையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கொடுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு ஆசிரியர் சொல்லும் சொல் அதனால் தெளிவாகக் கேட்குமானால், நீங்கள் பயின்ற ஒலியியல் பயன்பட்டது என்று பொருள்.